லோடு ஏற்றினால் சாது... காலியாக வந்தால் துள்ளல்! பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏன் குதிக்கிறது?

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். விடியற்காலையில் கோழிப்பண்ணையில் முட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பும் பிக்கப், புதுச்சத்திரம், ராசிபுரம் பிரிவு, மல்லூர் என்று தேசிய நெடுஞ்சாலை 44-ல் அலுங்காமல் போய்ச் சேர்ந்துவிடும். பத்து மணிக்கு அதே வண்டி காலி அட்டைகளோடு திரும்பும்போது பாருங்கள். வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். ஓட்டுநரின் தலை கேபின் கூரையைத் தொட்டுவிட்டு வரும்.

அடுத்து என்ன நடக்கும் என்பதும் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வண்டி நேராக ஒரு பட்டறை வாசலில் போய் நிற்கும்.

“ஏனுங்ணா, காலி வண்டி இப்படித் தூக்கிப் போடுதுங்களே?”

“பட்டை வீக்காயிருக்கும் தம்பி. ரெண்டு பட்டை சேத்துப் போட்டுட்டா கல்லு மாதிரி நிக்கும்.”

கல் மாதிரி நிற்கும், உண்மைதான். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. துள்ளலைக் குறைக்கச் சேர்த்த பட்டை, காலி வண்டியின் துள்ளலை இன்னும் கூட்டிவிடும். பிரேக்கிலும் கை வைத்துவிடும். அது எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

வில் வண்டியிலிருந்து பிக்கப் வரை

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ‘வில் வண்டி’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். மூட்டை ஏற்றுவது கட்டை வண்டி. அதில் அச்சின் மேல் நேராகப் பாரம் உட்காரும். வசதியான வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போனது வில் வண்டியில். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சக்கரம் குழியில் இறங்கினால் பட்டை வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்ளும். அதே பட்டை அடுக்குதான் இன்றைக்கும் உங்கள் பிக்கப்பின் பின்பக்கத்தில் இருக்கிறது. கார்களில் சுருள் ஸ்பிரிங் வந்த பிறகும் பாரம் சுமக்கும் வண்டிகள் பட்டையை விடவில்லை. அது ஸ்பிரிங்காகவும் இருக்கும், பின் அச்சை அதன் இடத்தில் பிடித்தும் வைத்திருக்கும். ஒரே பொருள், இரண்டு வேலை.

ஆனால் பட்டைக்கு ஒரு குணம் உண்டு. வாங்கிய அடியை அது செரித்துக்கொள்ளாது. அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். அமுக்கினால் எழும்பும், எழும்பினால் அமுங்கும். அடுக்கில் உள்ள பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் கொஞ்சம் ஆட்டம் அடங்கும். மீதியை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துளைகள். வண்டி ஆடும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியாக மூச்சு முட்டிப் போய் வரும். ஆட்டத்தின் ஆற்றல் அங்கே வெப்பமாக மாறிவிடும். பெயரில் ‘ஷாக்’ இருப்பதால் அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதிர்ச்சியைத் தாங்குவது பட்டை. ஷாக் செய்வது பட்டையை வாயடைப்பது.

எந்த மாதிரிக் குதிப்பு?

‘வண்டி குதிக்குது’ என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கும். பட்டறைக்குப் போகும் முன் ஓட்டுநரே இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

வேகத்தடையில் இறங்கிய பிறகு பின்பக்கம் ஒரு முறை எழும்பி உடனே அடங்கினால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு, மூன்று, நான்கு என்று ஊஞ்சல் கணக்காக ஆடிக்கொண்டே போனால் ஷாக் வேலை செய்யவில்லை. இதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து எண்ண முடியாது. யாரையாவது ரோட்டோரம் நிற்கவைத்து, மெதுவாக வேகத்தடையில் ஏற்றி இறக்கி, பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். செல்போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. கார்களுக்குச் செய்கிற மாதிரி மூலையை அமுக்கிவிட்டுப் பார்க்கும் சோதனை பிக்கப்புக்குச் சரிப்படாது. காலி வண்டியின் பின்பட்டை ஒரு ஆள் அமுக்கி அமுங்குகிற சாதனம் இல்லை.

குறிப்பிட்ட ஒரு வேகத்தில், 60-70-ல் மட்டும் பின்பக்கம் நடுங்கி, அதைத் தாண்டினால் சரியாகிவிட்டால் பட்டையையும் ஷாக்கையும் சந்தேகப்பட வேண்டாம். டயரைப் பாருங்கள். புடைப்பு, வளைந்த ரிம், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர், பேலன்ஸ் இல்லாத சக்கரம், இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும்.

லோடு ஏற்றிய பிறகு குழியில் விழும்போது மட்டும் ‘டொம்’ என்று இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம் வந்தால், அச்சு மேலே போய் சேஸிஸில் இடிக்கிறது. இடையில் இருக்க வேண்டிய ரப்பர் கட்டை, பம்ப் ஸ்டாப், கிழிந்தோ கழன்றோ போயிருக்கும். அல்லது பட்டை வளைவு இழந்து படுத்திருக்கும். அல்லது, சொல்லவே வேண்டாம், லோடு அதிகம்.

நான்காவதுதான் நாம் ஆரம்பித்த கதை. லோடோடு போனால் சாது, காலியாக வந்தால் துள்ளல். இதில் ஒரு பங்கு இயற்கையானது. அதைக் கோளாறு என்றே சொல்லக் கூடாது. எவ்வளவு வரை இயற்கை என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

பிளஸ் ஒன் கணக்கு

ஒரு முட்டை 50 முதல் 55 கிராம் இருக்கும். அட்டைக்கு 30 முட்டை. 20,000 முட்டை ஏற்றினால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். இந்த ஒரு டன்னைச் சுமக்கும் பட்டை, காலியாக வரும்போதும் அதே பட்டைதான். ஒரு டன்னுக்காகச் செய்த ஸ்பிரிங், ஒன்றுமில்லாத வண்டிக்கு மிகவும் விறைப்பாகத்தான் இருக்கும்.

ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பொருள் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதைக் கண்டுபிடிக்க எடையும் வேண்டாம், விறைப்பும் வேண்டாம். அந்தப் பாரத்தால் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்று தெரிந்தால் போதும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் அலைவுகள் பாடத்தில் வரும் கணக்குதான். லோடோடு பட்டை 10 சென்டிமீட்டர் அமுங்கி நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்டம் நொடிக்குச் சுமார் 1.6 முறை. அதே பட்டை காலி வண்டியில் 4 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், நொடிக்கு 2.5 முறை. இப்போது பட்டறையில் இரண்டு பட்டை சேர்க்கிறார்கள். காலி வண்டியில் இனி 2.5 சென்டிமீட்டர்தான் அமுங்குகிறது என்று கொள்வோம். ஆட்டம் நொடிக்கு 3 முறைக்கு மேல் போய்விடும்.

மேலும் கீழுமான அதிர்வில் உட்கார்ந்திருக்கும் மனித உடலை அதிகம் படுத்துவது நொடிக்கு 4 முதல் 8 வரையிலான ஆட்டம். பட்டை சேர்க்கச் சேர்க்க வண்டி அந்த இடத்தை நோக்கித்தான் நகர்கிறது. ‘முதுகு பிடிச்சுக்குச்சு’ என்று மாத்திரை வாங்கிப் போடும் ஓட்டுநர்கள், கடைசியாக எப்போது பட்டை சேர்த்தோம் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய ஷாக், பழைய பட்டைக்கு ஏற்ற மாதிரி செய்யப்பட்டது. விறைப்பு கூடிய பட்டை அதைவிட வேகமாக எழும்பும். அதை அடக்கும் பலம் அந்த ஷாக்குக்கு இருக்காது. ஏற்கெனவே எண்ணெய் ஒழுகிப்போன ஷாக் என்றால் கேட்கவே வேண்டாம்.

வண்டி செய்கிறவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியாமல் இல்லை. பல பிக்கப்களில் பட்டை அடுக்கை இரண்டு கட்டமாக வைத்திருப்பார்கள். மெயின் பட்டைகள் எப்போதும் வேலை செய்யும். ஹெல்பர் பட்டை, லோடு ஏறி வண்டி அமுங்கிய பிறகுதான் தொட ஆரம்பிக்கும். காலியாக இருக்கும்போது ஹெல்பருக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் இடைவெளி தெரிய வேண்டும். மட்டமான தரையில் காலி வண்டியை நிறுத்தி, குனிந்து ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெல்பர் இப்போதே ஒட்டிக்கொண்டு நின்றால், வருஷக்கணக்கில் பாரம் சுமந்து மெயின் பட்டை வளைவு இழந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் காலி வண்டி கட்டை வண்டியாகியிருக்கிறது. இதற்கு மருந்து, பட்டை சேர்ப்பது இல்லை. மெயின் பட்டைகளைக் கழற்றி மறுபடி வளைவு கொடுப்பது அல்லது அதே அளவில் புதிது போடுவது.

பிரேக்கில் கை வைக்கும் பட்டை

முதுகு வலியை ஓட்டுநர் பொறுத்துக்கொள்வார். இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

துள்ளும் சக்கரம் தரையில் இருக்கும் நேரம் குறைவு. தரையைத் தொடாத டயர் பிரேக் பிடிக்காது. காலி பிக்கப், மழை பெய்த ரோடு, முன்னால் திடீரென்று நிற்கும் பஸ் என்று மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

அதைவிட நுணுக்கமான ஆபத்து ஒன்று உண்டு. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பியோ சின்ன ஸ்பிரிங்கோ இணைத்த வால்வு ஒன்று இருக்கும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். வண்டியின் பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து, பின்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் அழுத்தம் அனுப்பலாம் என்று அது முடிவு செய்யும். அமுங்கியிருந்தால் லோடு இருக்கிறது, அழுத்தம் அதிகம். உயர்ந்திருந்தால் காலி, அழுத்தம் குறைவு. பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால், ஒன்றரை டன் ஏற்றினாலும் ‘வண்டி காலி’ என்றே அந்த வால்வு நம்பும். நிறைய லோடு, குறைவான பின்பிரேக். முன்சக்கரங்கள் மட்டும் முட்டி மோதி வண்டியை நிறுத்தப் பார்க்கும். பட்டை வேலை எது செய்தாலும், அந்த வால்வின் கம்பியை வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதைக் கழற்றிக் கட்டிவைத்துவிட்டுப் போவதும் நடக்கிறது. அப்படி இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கும், நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டும் கைகள் இந்தியா முழுக்கப் பேர் வாங்கியவை. பட்டை சேர்க்கும் பழக்கம் வந்ததும் அந்த லாரித் தொழிலில் இருந்துதான். அதிக லோடு ஏற்ற வேண்டும், அதற்குப் பட்டை தாங்க வேண்டும் என்ற கணக்கு அது. பட்டை தாங்கினாலும் அச்சும், பேரிங்கும், டயரும், பிரேக்கும் அதே பழைய அளவுதான். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடையும் மாறாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவுப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000 ரூபாய். எத்தனை முட்டை விற்றால் இந்தக் காசு வரும் என்பதை ஏற்றுகிறவர்தான் கணக்குப் போட வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது?

காசு செலவாகாத இடத்தில் ஆரம்பியுங்கள். அது டயரின் காற்று. லோடுக்காகப் பின்டயரில் ஏற்றிய காற்றோடு காலியாக ஓட்டினால் டயரே ஒரு ரப்பர் பந்துதான். அந்தப் பந்தை அடக்க உள்ளே ஷாக் எதுவும் கிடையாது. டிரைவர் கதவுப் பக்கமோ கையேட்டிலோ காலி, லோடு என்று இரண்டு அளவுகள் இருக்கும். ‘எப்பவும் போல’ என்று பஞ்சர் கடையில் சொல்லும் அளவு பெரும்பாலும் அதைவிட அதிகம். நாள் முழுக்கக் காலியாக ஓடும் அன்றைக்குக் காலி அளவு. லோடு ஏற்றும் முன் மறுபடி ஏற்றியாக வேண்டும். குறைந்த காற்றோடு லோடு ஏற்றி வெயிலில் ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும். இரண்டு வேளையும் காற்று பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் லோடு அளவிலேயே வைத்துக்கொள்வது மேல். துள்ளல் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

டயரைத் தடவிப் பார்க்கும்போது தேய்மானம் திட்டுத் திட்டாக, மேடு பள்ளமாக இருந்தால் அது ஷாக் எழுதிவைத்த கடிதம். சக்கரம் துள்ளித் துள்ளித் தரையில் விழுந்த இடமெல்லாம் தேய்ந்திருக்கிறது.

அடுத்தது ஷாக். வெளியே எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கசியாமலும் செத்துப்போயிருக்கலாம். மோசமான ரோட்டில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சைலன்சரில் படாமல் கவனமாக இரண்டு ஷாக்கையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்த ஷாக் சூடாக இருக்கும். ஒன்று சூடாகவும் இன்னொன்று சில்லென்றும் இருந்தால் சில்லென்று இருப்பது சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது. மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், இரண்டையும் மாற்றுங்கள். சித்திரை வெயிலில் விடாமல் ஆடும் ஷாக்கில் எண்ணெய் நுரைத்துப்போய் அடக்கும் பலம் குறையும். கேஸ் நிரப்பிய ஷாக்கில் அந்த நுரைப்பு குறைவு. உங்கள் மாடலுக்கு உரிய நீளத்தில் கிடைத்தால் அதைப் போடலாம்.

பிறகு ஷேக்கிள். பட்டை வளைவு நிமிரும்போது அதன் நீளம் கூடும். அந்த நீளத்துக்கு இடம் கொடுக்க ஒரு முனையில் முன்னும் பின்னும் ஆடும் துண்டுதான் ஷேக்கிள். அதன் பின்னோ புஷ்ஷோ துருவேறி இறுகிவிட்டால் பட்டை நீள முடியாது. நல்ல பட்டையே கல்லாகிவிடும். புதுப் பட்டை, புது ஷாக் எல்லாம் போட்டும் துள்ளல் போகாத வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடியுங்கள். ரப்பர் புஷ் என்றால் கிரீஸ் கூடாது, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்டைக் கடைசி முறுக்கு முறுக்குவது வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும்.

வண்டிக்கு அடியில் போகும் யாரும் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகக் கூடாது. சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு, முன்சக்கரத்துக்குக் கட்டை, இரண்டும் வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பட்டை உடைந்திருக்கலாம். நடுவில் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டியும், மெயின் பட்டையின் கண் பக்கத்திலும் விரிசல் விழும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் அச்சே கொஞ்சம் நகர்ந்துவிடும். பின்னால் வருகிறவர் கண்ணுக்கு வண்டி குறுக்காக ஓடுவது தெரியும், ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

எல்லாம் சரியாக இருந்தும் காலி வண்டி லேசாகத் துள்ளுகிறதா? அதோடு வாழ்ந்துவிடலாம். சிலர் மணல் மூட்டை போட்டுக்கொள்கிறார்கள். அச்சுக்கு நேர் மேலே வைத்து நகராமல் கட்டினால் பலன் உண்டு, டீசல் கொஞ்சம் கூடும். கட்டாத மூட்டை, பிரேக் அடித்தால் கேபினை நோக்கித்தான் வரும். அரை லோடு முட்டை ஏற்றுகிறவர்களும் அட்டைகளைப் பின்கதவை ஒட்டி அடுக்காமல், அச்சுக்கு மேலும் அதற்குக் கொஞ்சம் முன்னாலும் அடுக்கினால் உடைசல் குறையும். அச்சைத் தாண்டிப் பின்னால் நீண்டிருக்கும் பகுதிதான் அதிகம் எகிறும்.

பட்டையைக் கழற்றி மாட்டிய வண்டியா? யூ போல்ட் புதிதாகப் போட்டார்களா என்று கேட்டுவிடுங்கள். ஒரு முறை முறுக்கி இழுபட்ட யூ போல்ட்டை மறுபடி போடுவது சரியில்லை. புதிது போட்டாலும் லோடோடு சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து யூ போல்ட் தளரும். அதனால் ஒரு வாரம் கழித்து அதே பட்டறைக்குப் போய், டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்கிக்கொண்டு வர வேண்டும். பத்து நிமிட வேலைதான்.